இருபத்திரண்டு பெயர்கள் கழியும் வரை

இது எனக்கு நடந்ததில்லை. என் விடுதி அறையில் அடுத்த கட்டிலில் படுக்கும் பேச்சியம்மாள் சொன்னது. இரண்டு தவணையில் சொன்னாள்: முதலில் மாடியில் துணி காயப்போடும்போது, பிறகு நானே கேட்டதால் மறுபடியும். நாங்கள் இருவரும் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறோம். ஓர் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் கிளைம்களைச் சரிபார்க்கிற வேலை. நான் பல் பிரிவு, அவள் எலும்பு மூட்டுப் பிரிவு. இருவர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள், அதனால் எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் இருவருக்கும் உண்டு. ‘அவள்’ என்று போட்டு எழுதிப் பார்த்தேன், புகார்க் கடிதம் மாதிரி வந்தது. ஆகவே ‘நான்’ என்றே எழுதுகிறேன். கீழே வருகிற நான் பேச்சி. அவள் சொல்லாத சில நினைப்புகளை நான் சேர்த்திருக்கக்கூடும். படித்துக் காட்டினேன், மறுக்கவில்லை.

பன்னிரண்டும் பதிமூன்றும் எடுத்தாகிவிட்டது, இனி என் முறை முப்பத்தாறில்தான், நடுவில் இருபத்திரண்டு பெயர்கள். ஒரு பெயருக்குத் தொண்ணூறு நொடி தருகிறார்கள், யாரும் முழுதாக எடுப்பதில்லை, ஒரு நிமிடம் என்று வைத்தால் இருபத்திரண்டு நிமிடம், அதற்குள் நான்கு கிளைம் முடித்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, கிளைமே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் நேரத்தைக் கிளைமால் அளக்கிறேன். மீட்டிங் அறையின் நீள மேஜையில் மூன்று லேப்டாப்: எங்கள் டீம் லீடர் ஷெரீப் அண்ணன், பக்கத்து இருக்கை ஜெபராஜ், நான். மீதி ஒன்பது பேர் அமெரிக்காவில், அவர்களுக்குக் காலை ஒன்பதே கால். சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஒன்பது முகம், வலது மூலையில் லோரெய்ன் மேடம். அவர் அங்கே தர ஆய்வுக்குத் தலைவர், எங்கள் தவறு என்று பதிவாகும் எரர் எல்லாவற்றிலும் கடைசிக் கையெழுத்து அவருடையது. கையெழுத்தை மட்டும் எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறேன், முகம் இன்றைக்குத்தான். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், பின்னால் ஜன்னலில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது. கால்பந்து என்கிறார்கள், ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், அதையும் நாங்கள் ஆடப்போவதில்லை. நிஜத்தில் ஆடுகிறவர்களை ஆளுக்குப் பதினைந்து பேராகப் பெயரளவில் பங்கு போட்டுக்கொள்கிறோம், வாராவாரம் அவர்கள் ஓடுகிற ஒவ்வொரு கெஜத்துக்கும் புள்ளி, யாருடைய ஆட்கள் அதிகம் சேர்க்கிறார்களோ அவருக்கு ஜெயம். ஓர் ஆட்டக்காரரை ஒருவர் எடுத்துவிட்டால் பிறகு வேறு யாருக்கும் அவர் கிடையாது. அந்தப் பங்குபோடும் நாள்தான் டிராஃப்ட். முதல் சுற்று ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் போகும், அடுத்த சுற்று பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். எனக்குச் சீட்டில் பன்னிரண்டு விழுந்தது. கடைசியில் நிற்பவருக்கு அடுத்தடுத்து இரண்டு, அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த நேரத்தைத்தான் நான் மூன்று வாரம் தயாரித்த ஷீட்டில் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

பதினேழு போயிற்று. ஷீட்டில் அந்தப் பெயரைச் சிவப்பாக்குகிறேன், கை தானாகச் செய்கிறது. ஷெரீப் அண்ணன் மூன்று வாரம் முன்பு என் இருக்கைக்கு வந்து, ‘பன்னெண்டாவது ஆளு சிக்கல, நீ வா சாமி, உன்னாட்ட ஷீட் போட இங்க ஆள் இல்ல’ என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, என்னை எதற்கும் யாரும் பன்னிரண்டாவதாகக்கூடக் கூப்பிட்டதில்லை. அவரே சொல்லிக் கொடுத்தார். போன வருஷம் யார் நிறைய எடுத்தான் என்று பார்த்து எடுக்காதே, இந்த வருஷம் யார் எடுப்பான் என்று பார். வரிசை எண்ணை நம்பாதே, ஆட்களைப் படி படியாகப் பிரி, ஒரு படியில் ஒருவன்தான் மிச்சம் என்றால் அவனை விடாதே, ஐந்து பேர் மிச்சம் என்றால் பொறு. எல்லா அணிக்கும் ஒரு வாரம் ஓய்வு உண்டு, உன் ஆட்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஓய்வெடுக்கிற மாதிரி எடுத்துவிடாதே. காலால் உதைக்கிறவனைக் கடைசிச் சுற்றுக்கு முன்னால் தொடாதே. நான் எல்லாவற்றையும் நெடுக்கும் குறுக்கும் கட்டம் போட்டு எழுதி, நிறம் கொடுத்து, எங்கள் எஸ்.ஓ.பி. மாதிரியே பக்க எண் போட்டேன். எஸ்.ஓ.பி. என்றால் எந்தக் கிளைமை எப்படிப் பார்க்க வேண்டும் என்கிற நடைமுறைக் கோப்பு, இருநூற்றுப் பத்துப் பக்கம், எனக்கு அது இருக்கிற இடத்தில் பயம் குறைவு. ஜெபராஜ் ஒன்றுமே படிக்காமல் வந்தான். மொத்தப் புள்ளி அதிகம் என்று முதல் சுற்றிலேயே பந்தை எறிகிறவனை எடுத்துவிட்டான். ‘ஏண்டா, எறியறவன் நம்ம பன்னெண்டு பேருக்கும் போக மிச்சம் இருக்கான். நல்லா ஓடறவன் பதினஞ்சே பேருதான். எது தீந்து போகுமோ அதைய மொதல்ல எடுக்கோணும்’ என்றார் அண்ணன். ‘ஃபோட்டோல மூஞ்சி நல்லாருந்து அண்ணா, அதான்’ என்றான் அவன். ‘பொண்ணு பாக்கவாடா வந்திருக்க.’ லோரெய்ன் மேடம் அங்கிருந்து என்ன சிரிப்பு என்று கேட்டார், அண்ணன் இங்கிலீஷில் வேறு எதையோ சொன்னார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதும், புதன்கிழமை பார்த்த ஒரு ஃபேக்ஸின் பதினோராவது பக்கம் மனதில் அப்படியே இருந்தது.

பத்தொன்பது. இருபது. அந்தப் பக்கத்துக்கு டெல்வின்தான் என்னைக் கூட்டிப்போனான். டெல்வின் ஓர் ஓட்டக்காரன், போன டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே வலது முழங்காலின் தசைநார் அறுந்து அறுவை செய்துகொண்டவன். செப்டம்பரில் ஓடுவான் என்று விளையாட்டுப் பக்கங்களில் எழுதியிருந்தது. விளையாட்டுப் பக்கங்களில் எல்லாரும் ஓடுவார்கள். எனக்கு அந்த அறுவைக்குக் கிளைமில் போடுகிற எண் மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்து இலக்கத்தையும் சொல்வேன், ஆனால் அதற்கப்புறம் ஒரு மனிதர் எந்த வாரத்தில் ஊன்றுகோலை விடுகிறார், எந்த வாரத்தில் படி இறங்குகிறார் என்பதை நான் சேர்த்து யோசித்ததே இல்லை. யோசிக்கச் சொல்லவில்லை. புதன்கிழமை ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கையில், டெல்வின் எப்போது ஓடுவான் என்று கணக்கிட, நான் முடித்த பழைய முழங்கால் கிளைம்களைத் திறந்தேன். வேலைக் காரணம் இல்லாமல் திறக்கக் கூடாது என்பது எஸ்.ஓ.பி.யின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் முடித்ததுதானே, வெறும் வாரங்களைத்தானே எண்ணப்போகிறேன் என்று திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது மார்ச் மாதத்தது. ஐம்பத்தொரு வயதுப் பெண், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், இருபது தடவை பிசியோதெரபி முடிந்து மேலே கேட்டிருந்தார், முன்னேற்றத்துக்கான குறிப்பு இல்லை என்று நான் மறுத்திருந்தேன். ஃபேக்ஸில் பதினொரு பக்கம். பத்தாவது பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கம் வந்தால் முடிந்தது என்று கை நினைத்திருக்கிறது, அப்போது எனக்கு வேலையில் இரண்டாவது மாதம், ஒரு கிளைமுக்கு உள்ள ஐந்தரை நிமிடத்தில் ஐந்து ஓடியிருக்கும். பதினோராவது பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது. அதைத் திருப்பினேன். டாக்டரின் கிறுக்கல் இல்லை, சிகிச்சை கொடுத்தவரின் உருண்டை எழுத்து, குழந்தைக்குக்கூடப் புரியும். நான்கு வாரம் முன்பு பிரேக்கை மூன்று நொடிதான் அழுத்திப் பிடிக்க முடிந்தது, இப்போது எட்டு நொடி. அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

எட்டு நொடி. மேஜைக்கு அடியில் என் வலது காலைத் தரையில் அழுத்திப் பார்க்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, இந்த இடத்தில் அவருக்கு முன்பு நின்றுபோனது, நான்கு, ஐந்து, ஏசிக் காற்றில் கெண்டைக்கால் குளிர்ந்திருக்கிறது, ஆறு, ஏழு, எட்டு. ஒரு குழந்தை ரோட்டைத் தாண்ட எட்டு நொடி போதுமா. ஜெபராஜ் குனிந்து பார்க்கிறான். ‘என்ன மக்கா, கீழ தையல் மெஷினா ஓட்டுக.’ இல்லை, கால் மரத்துவிட்டது என்கிறேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது. இருபத்து மூன்றா, இருபத்து நான்கா, ஒரு பெயரைச் சிவப்பாக்காமல் விட்டிருக்கிறேன், தேடிப் போடுகிறேன். எனக்கு ஏற்கெனவே இரண்டு எரர். ஏப்ரலில் தேதியை நம் ஊர் வழக்கப்படி நாள் முதலில், மாதம் பிறகு என்று போட்டு, இரண்டாம் மாதம் மூன்றாம் தேதி நடந்ததை மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். ஜூனில் இடது காலை வலது கால் என்றேன். மூன்றாவது வந்தால் புரொபேஷன் என்கிற சோதனைக் காலம் நீளும், அல்லது அத்தோடு முடியும், இரண்டில் எது என்று கோப்பில் எழுதவில்லை, அதனால் இரண்டையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இதில் காரணமில்லாமல் திறந்தது தனி. சாத்தூரில் அம்மா தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ‘அங்கன என்ன வேலைட்டி பாக்க’ என்று கேட்டதற்கு, கால் வலிக்கிறவங்களுக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறது என்று சொன்னேன். ‘குடுத்துர வேண்டியதுதான, அதுல என்னத்தப் பாக்கது’ என்றாள். நான் சிரித்தேன். அவளுக்கு எஸ்.ஓ.பி. தெரியாது என்று சிரித்தேன்.

மறுப்புக் கடிதத்தின் தேதி மார்ச் நான்கு. அதிலிருந்து நூற்றெண்பது நாளுக்குள் என்றால் கேஸை மறுபடி திறக்கலாம், அதற்கப்புறம் யாராலும் முடியாது. புதன் ராத்திரி விரல் விட்டு எண்ணினேன், வியாழன் காலண்டரில் எண்ணினேன், மார்ச்சில் இருபத்தேழு, ஏப்ரல் முப்பது, மே முப்பத்தொன்று, ஜூன், ஜூலை, எப்படி எண்ணினாலும் ஆகஸ்ட் முப்பத்தொன்றில் வந்து நிற்கிறது, ஆகஸ்ட் முப்பத்தொன்று இன்றைக்கு. திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை. விடுமுறை இல்லாவிட்டாலும் என்ன, இன்றோடு சரி. வியாழக்கிழமை அண்ணனிடம் போனேன். ‘அண்ணா, ஒரு கிளைம் பத்தி.’ ‘பெண்டிங்கா, குளோஸா.’ ‘குளோஸ்.’ அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். ‘குளோஸ் ஆனது குளோஸ் ஆனதுதான். தெறந்து பாத்தீன்னா, கேக்கறவன் உன்னையத்தான் கேப்பான். ஷீட் ரெடியா?’ ரெடி என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்று முழுக்க நினைத்தேன், தெரிந்து என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்றும் நினைத்தேன், காப்பாற்றுகிறவரிடம் கோபப்படவும் முடியவில்லை. லீடரைத் தாண்டி நாங்கள் அமெரிக்காவுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஆனால் இது ஆட்டம், இந்த அழைப்பில் எல்லார் பெயரும் ஓரத்தில் வரிசையாக இருக்கிறது, லோரெய்ன் மேடம் பெயரைத் தொட்டால் தனியாக எழுத ஒரு பெட்டி திறக்கும். தொட்டேன். திறந்தது. வெறும் பெட்டி, உள்ளே கோடு ஒன்று மின்னி மின்னி நிற்கிறது. மூடிவிட்டேன். இருபத்தெட்டு.

வேறு யாராவது சொல்லியிருப்பார்களோ. அந்தப் பெண்ணே எழுதிக் கேட்டிருப்பாரோ, கேட்டால் கேஸில் தெரியும், புதன்கிழமை வரை ஒன்றும் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், கால் தானாகவே சரியாகியிருக்கலாம், சரியாகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டால் அது அவருக்காகவா எனக்காகவா. கல்லூரியில் சேர அப்ளிகேஷன் எழுதும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன், ஆபீசில் ஒரு அக்கா என்னைப் பின்னால் கூப்பிட்டு, ‘ஏம்மா, இதை விட்டுட்டியே’ என்று பேனாவை நீட்டினாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், நான் பஸ்ஸுக்குப் போயிருந்தால் அவ்வளவுதான், அந்த வருஷம் இல்லை, எனக்கு எந்த வருஷமுமே இல்லாமல் போயிருக்கும். அவள் பெயர் தெரியாது. அவளுக்கும் நேரக் கணக்கு இருந்திருக்கும், எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். முப்பது. டீ ஆடை கட்டிவிட்டது, குடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று ஜெபராஜ் எடுத்துக் குடிக்கிறான். ‘அண்ணா, டெல்வின் இன்னும் இருக்கான் பாருங்க, எவனும் தொடல.’ ‘பேச்சிக்கு வருவான். பேச்சி, முப்பத்தாறுல அவன் இருந்தான்னா கண்ண மூடிட்டு எடு. அந்தப் படில அவன் ஒருத்தன்தான் மிச்சம்.’ ‘கால் சரியாகலை அண்ணா’ என்கிறேன். ‘உனக்கெப்படித் தெரியும்?’ எங்கேயோ படித்தேன் என்கிறேன். படித்தேன் என்பது உண்மைதான். ‘ஷீட்டுல என்ன இருக்கோ அதைய எடு. சொந்த புத்திக்கு லீவு குடு’ என்கிறார், கோபமாக இல்லை, தங்கைக்குச் சொல்கிற மாதிரி. கிளைமிலும் இதையேதான் சொல்வார். சரியாகவே செய்திருந்தாலும் கோப்பில் இல்லாததைச் செய்தால் எரர், கோப்பில் இருப்பதைச் செய்து தப்பானால் எரர் இல்லை. மார்ச்சில் நான் செய்தது கோப்பில் இருந்தபடிதான். குறிப்பு இல்லை, மறுத்தேன். குறிப்பு இருந்தது.

முப்பத்து மூன்று. லோரெய்ன் மேடம் யாரையோ எடுக்கிறார், அந்தப் பக்கம் இரண்டு பேர் ஐயோ என்கிறார்கள், அவர் சிரிக்கிறார், பல் வரிசை தெரிகிற நல்ல சிரிப்பு, இந்தச் சிரிப்பை நான் கெடுக்கப்போகிறேன். பெட்டியை மறுபடி திறக்கிறேன். காலை வணக்கம் மேடம் என்று அடித்துவிட்டு அழிக்கிறேன். மார்ச் நான்காம் தேதி நான் முடித்த ஒரு முழங்கால் கிளைம் என்று அடிக்கிறேன். பெயர் எழுதக் கூடாது, எண் எழுதக் கூடாது, இங்கே எழுதினால் அது வேறொரு தப்பு, எதை எழுதலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. முப்பத்து நான்கு. முப்பத்தைந்தாம் ஆள் நேரமே எடுக்கவில்லை, சட்டென்று என் கட்டம் பச்சையாகிறது, தொண்ணூறு, எண்பத்தொன்பது. ‘மக்கா, உன் முறை.’ தெரியும். ‘டெல்வின் இருக்கான், எடு எடு’ என்கிறார் அண்ணன். மறுத்தது தவறு என்று அடிக்கிறேன். தவறு என்பதை அழித்துவிட்டு, நான் தவறாக மறுத்தேன் என்று அடிக்கிறேன், அதில்தான் நான் இருக்கிறேன். எழுபது. குறிப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, தலைகீழாக. ‘பேச்சி, என்ன பண்ற.’ மறுபடி திறக்க இன்றுதான் கடைசி நாள். ஐம்பது. அண்ணன் நாற்காலியை நகர்த்துகிற சத்தம், எழுந்து வருகிறார், என் திரையைப் பார்த்தால் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் நான் நின்றுவிடுவேன், அது எனக்குத் தெரியும். இருபத்தைந்து. புதன்கிழமை அதை நான் காரணமில்லாமல் திறந்தேன், இந்த டிராஃப்டுக்காகத் திறந்தேன். இந்த வரி தேவையா, இது இல்லாமலும் அனுப்பலாம், இது இல்லாவிட்டால் புதனில் ஏன் திறந்தாய் என்று பிறகு கேட்பார்கள், கேட்கட்டும் என்று விட்டால் மறுபடி பொய் சொல்வேன், இன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்தேனே. ஒன்பது, எட்டு. எட்டிலிருந்து சுழி வரை நான் ஒன்றும் அடிக்கவில்லை. பச்சை அணைந்தது. நேரம் தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரே பட்டியலில் மேலே இருப்பவனை எடுத்துக் கொடுத்துவிடும், டெல்வின் என் கட்டத்தில் வந்து உட்கார்ந்தான். ‘அப்பாடா, சரியாத்தான் குடுத்திருக்குது’ என்று அண்ணன் என் தோளுக்குப் பின்னால் சொன்னார். அதற்குள் அனுப்பிவிட்டேன். அவர் என் திரையைப் படிப்பது என் காதில் மூச்சாகத் தெரிந்தது. ‘அடப்பாவி’ என்றார், மெதுவாக. முப்பத்தேழும் என்னுடையதுதான், மறுபடி தொண்ணூறிலிருந்து ஓடுகிறது. சுவரில் லோரெய்ன் மேடம் குனிகிறார். கோப்பையைக் கீழே வைக்கிறார். படிக்கிறார், நகர்த்தி மறுபடி மேலே போய்ப் படிக்கிறார், எழுந்து போகிறார், அவர் நாற்காலியில் வெயில் விழுகிறது.

பேச்சி சொன்னது இவ்வளவுதான். மிச்சம் எனக்குத் தெரிந்தது. லோரெய்ன் மேடம் அரை மணி நேரம் திரும்பி வரவில்லை, அவருடைய முறைகளையும் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்தது. அடுத்த புதன்கிழமை பேச்சியின் பெயரில் மூன்றாவது எரர் ஏறியது, காரணமில்லாமல் திறந்ததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. ஷெரீப் அண்ணன் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஃபேக்ஸில் வெள்ளைப் பக்கம் வந்தால் அதற்கு அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு வரி அனுப்பினார். அந்தப் பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு மறுபடி சிகிச்சை கிடைத்ததா என்று தெரியாது. அந்தக் கேஸைத் திறக்க எனக்குக் காரணம் இல்லை, திறக்கவில்லை.

நீ தைரியசாலி என்று நான் சொன்னதற்குத்தான் பேச்சி சங்கடப்பட்டாள். ‘தைரியமெல்லாம் இல்லட்டி. அன்னைக்குக் கடைசி நாளு, அதான் சொன்னேன். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா நாளைக்குன்னு விட்டிருப்பேன். நாளைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.’

நான் பல் பிரிவு என்றாலும், மறுபரிசீலனை பற்றிய பகுதி எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுதான். போன வாரம் எடுத்துப் பார்த்தேன், நூற்று முப்பத்தெட்டாம் பக்கம். நூற்றெண்பது நாளைக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். போய்ச் சேர ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி எண்ணினால் பேச்சிக்குக் கடைசி நாள் செப்டம்பர் ஐந்து.